பொட்டு வைத்த கத்திகள்

பெங்களூர் டைரி சர்க்கிளில் ஸ்கூட்டர் சறுக்கிச் சீனுவின் தோள்பட்டை உடைந்தது. அன்றிலிருந்து அடுகோடி இரும்புப் பட்டறையில் குறடு பிடிப்பவள் அவன் தங்கை இளவேனில்.

அதற்கு முன் அவள் சம்மட்டி அடித்தவள். குறடு பிடித்தவன் பழுத்த இரும்பைப் பட்டறைக் கல்லில் வைத்து, எங்கே அடிக்க வேண்டும் என்று சின்னச் சுத்தியால் தட்டிக் காட்டுவான். சம்மட்டிக்காரி அங்கே அடிப்பாள். கத்தி எப்படி வர வேண்டும் என்பதைக் குறடு பிடித்தவன் தீர்மானிப்பான். சம்மட்டி அடித்தவளுக்கு இடுப்பு வலி மிஞ்சும்.

அப்பா நாராயணசாமிக்குக் கண்ணில் புரை. காய்ந்த இரும்பின் நிறம் பிடிபடாது. நிறம் பார்க்க முடியாதவர் குறடு பிடிக்க முடியாது. அதனால் டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் சம்மட்டியை எடுத்துக்கொண்டார். மகள் தட்டிக் காட்டினாள், அப்பா அடித்தார். கண்டோன்மெண்டில் ஒரு கேட்டரிங் காலேஜுக்கு இரண்டு டஜன் சமையல் கத்திகள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி அடித்தவை. வாகை மரப் பிடி.

போன வாரமே வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. காலேஜ் கத்திகளை எடுத்துக்கொண்டால் குறடு இளவேனிலுக்கு. தோள் ஆறியதும் சீனு சம்மட்டிக்கு. திருப்பி அனுப்பினால் குறடு மறுபடி சீனுவுக்கு, இளவேனில் பொம்மனஹள்ளியில் ஏதாவது ஒரு கார்மெண்ட்ஸுக்கு.

கடைசிக் கத்திக்கு நேற்றுச் சாயங்காலம் எண்ணெய் தடவி அட்டைப்பெட்டியில் வைத்தாள். இன்று ஆயுத பூஜை.

அவள் தலைக்குக் குளித்துவிட்டு வருவதற்குள் கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள். உலை, ஊதுகாற்று மோட்டார், கல், சம்மட்டி, குறடு, அரம் எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம், ஒரு துண்டு சாமந்தி. வாசலில் உடைத்த பூசணி சிவப்பாகக் கிடந்தது.

கல்லுக்கு முன்னால் ஒரு மணைப் பலகை. அதன் மேல் விசிறி மாதிரி விரித்து வைத்திருந்தவை அவளுடைய கத்திகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் மூன்று பொட்டு.

அண்ணி அம்புஜம் பக்கத்தில் நின்று பார்வையாலேயே கேட்டாள். எப்படி இருக்கிறது?

"யாரு எடுத்து வச்சது?" என்றாள் இளவேனில்.

"நான்தான். உன் கையால அடிச்ச மொத சரக்கு. சாமி கண்ணுல படாம போவலாமா?"

இளவேனில் குனிந்து ஒரு கத்தியைப் பார்த்தாள். தொடவில்லை. தகடு காய்ந்து வெளுத்திருந்தது.

"அண்ணி, எண்ணெய் எங்க போச்சு?"

"அது மேல பொட்டு நிக்கவே இல்ல வேனி. வழுக்கிகினே போவுது. அதான் சோப்பு போட்டு கழுவிட்டு, குங்குமத்த எலுமிச்ச சாறுல குழைச்சி வச்சேன். இப்ப எப்படி ஒட்டிகிச்சு பாரு."

நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. குங்குமத்தின் ஓரத்தில் ஒரு கறுப்பு வளையம் விழுந்திருந்தது. சில கத்திகளில் வளையத்துக்கு வெளியே செம்மண் நிறம் ஆரம்பித்துவிட்டது.

கடையில் தொங்கும் ஸ்டீல் கத்தி என்றால் ஒன்றும் ஆகாது. இது கரி ஏறிய எஃகு. கூர் நிற்கும், எண்ணெய் இல்லையென்றால் ஈரத்தையே தாங்காது. இதன் மேல் எலுமிச்சம் சாற்றைக் குழைத்துப் பூசி, மழைக்காலத்து பெங்களூரில், காலையிலிருந்து வைத்திருக்கிறார்கள்.

"துரு புடிச்சிகினு இருக்குது அண்ணி."

அம்புஜத்தின் முகத்தில் இருந்த கேள்வி போய்விட்டது. "நான் பண்ணதா?"

"எலுமிச்சம்பழம் பண்ணது. நீ நறுக்கிக் குடுத்த."

அந்த நேரத்தில்தான் எதிர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். காலேஜ் மேடம் போன் பண்ணினாராம். நாளைக்கு மைசூர் போகிறாராம். கத்திகளை இன்றைக்கே மூன்று மணிக்கு வந்து எடுத்துக்கொள்வாராம்.

இளவேனில் மணைப் பலகை அருகே உட்கார்ந்தாள்.

"கைய எடு," என்றார் நாராயணசாமி.

அவர் பொரி கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். கண் மங்கினாலும் மகளின் அசைவு தெரிந்திருக்கிறது.

"நைனா, துரு ஏறுது. இப்பவே தேய்ச்சா போயிடும். நாளைக்கின்னா குழி விழுந்துடும்."

"பூஜையில வச்சது வச்சதுதான். நாளைக்கி காலைல மறுபூஜை போட்டுதான் எடுக்கணும். எங்கப்பா காலத்துலருந்து இந்தப் பட்டறையில ஒரு ஆணியகூட இன்னிக்கி எடுத்தது இல்ல."

"நம்ம ஆயுதம் தூங்கட்டும். சம்மட்டிய நான் தொடல, அரத்த தொடல. இது நம்ம ஆயுதம் இல்ல நைனா. சரக்கு. அந்த மேடமோட ஆயுதம்."

"பொட்டு வச்சப்புறம் அது சாமியோடது."

"சாமிக்கு துரு புடிச்ச கத்தி என்னாத்துக்கு?"

மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த சீனு சிரித்தான். இடது கை துணித் தூளியில் தொங்கியது. "பேச்சுல நீ லாயருக்கு போயிருக்கணும். சும்னே இரு வேனி. நைனா சொல்றத கேளு."

"மூணு மணிக்கு அந்தம்மா வந்து இத பாத்தா?"

"பாத்தா பாக்கட்டும். வேணாம்னா வேணாம்னு சொல்லுவாங்க."

சொல்லிவிட்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பொரியை வாயில் போட்டுக்கொண்டான்.

நாராயணசாமி பையைத் தோளில் மாட்டினார். பக்கத்து லேத் பட்டறைகள், லாரி பாடி கட்டும் ஷெட், டயர் கடை எல்லாவற்றுக்கும் பொரி கொடுத்துவிட்டு வர வேண்டும். வாசலில் நின்று திரும்பாமலேயே சொன்னார்.

"நான் வர்றதுக்குள்ள பலகையில ஒண்ணு குறைஞ்சாலும், எடுத்த கை நாளைக்கி உலைகிட்ட வரக்கூடாது. சொல்லிட்டேன்."

செருப்புச் சத்தம் தெருமுனை திரும்பும் வரை இளவேனில் காத்திருந்தாள். பிறகு பலகையை அப்படியே, கத்திகளோடு தூக்கினாள்.

"ஒண்ணு குறையல. மொத்தமா எடுத்துட்டேன்," என்றாள்.

"காமெடி பண்ணாத," என்றான் சீனு. "நைனா வெளையாட்டுக்கு சொல்லல."

"நானும் வெளையாட்டுக்கு எடுக்கல. எடுக்கலன்னா மூணு மணிக்கு குறடு போவுது. எடுத்தா நைனா வந்தப்புறம் போவுது. அதுக்குள்ள சரக்காவது ஒழுங்கா போவட்டும்."

கொல்லையில் துணி துவைக்கும் கல்மேல் பலகையை வைத்தாள். அரம் தொடக்கூடாது. சாணைச் சக்கரம் தொடக்கூடாது. உப்புத்தாள்கூட பூஜையில்தான் இருந்தது. அம்புஜம் பட்டறையில் ஒரு இடம் விடாமல் பொட்டு வைத்திருந்தாள்.

"செங்கல்லு?" என்றாள் அம்புஜம். "எங்க வீட்ல அருவாமணைய செங்கல் பொடி போட்டுதான் தேய்ப்பாங்க."

"எங்க இருக்குது?"

எதிரே அபார்ட்மெண்ட் எழும்பிக்கொண்டிருந்தது. அம்புஜம் போய் முந்தானையில் உடைந்த செங்கற்களைக் கட்டிக்கொண்டு வந்தாள். வாட்ச்மேன் பின்னாலேயே கன்னடத்தில் கத்திக்கொண்டு வந்தான். அவனுக்கும் ஒரு பொரிப் பொட்டலம் கொடுத்ததும் திரும்பிவிட்டான்.

செங்கல்லைப் பொடிக்கச் சுத்தி கிடையாது. அம்மிக்கல்லிலும் பொட்டு இருந்தது. இரண்டு செங்கற்களை ஒன்றோடொன்று உரசி, விழுந்த தூளைத் தேங்காய் நாரில் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்கள்.

குங்குமம் போனது. அதன் அடியில் கறுப்பு. கறுப்பு போனது, அதன் அடியில் சாம்பல் நிற நிழல். நிழல் போகவில்லை.

அம்புஜம் மூக்கை உறிஞ்சினாள்.

"அழறதுன்னா உள்ள போயி அழு அண்ணி. கண்ணீர்ல உப்பு இருக்குது. கத்திக்கு ஆவாது."

"நீ திட்டிடு வேனி. திட்டாம இருக்கறதுதான் ஒரு மாதிரியா இருக்குது."

"திட்டினா துரு போவுமா? நாரை அழுத்தி புடி. முதுகுலருந்து வெட்டுப்பக்கமா தேய். திருப்பி தேய்க்காத, விரலு போயிடும்."

அம்புஜம் தேய்த்தாள். அவளுடைய கைகள் பழக்கப்பட்ட கைகள். கோரமங்கலாவில் ஒரு மெஸ்ஸுக்குத் தினமும் மூட்டை மூட்டையாகக் காய் நறுக்கிக் கொடுப்பவள். வலது ஆள்காட்டி விரலின் உள்பக்கம் பட்டாணி அளவுக்குக் காய்த்துப் போயிருந்தது. கத்தியின் முதுகில், கழுத்துக்கு அருகே, விரல் உட்காரும் இடத்தில் விளிம்பு கூர்மையாக இருந்தால் அப்படித்தான் ஆகும். கல்யாணமான புதிதில் சீனுவிடம் சொல்லியிருக்கிறாள். கத்தி வெட்டுதா இல்லையா, அத சொல்லு என்று அவன் கேட்டான். வெட்டியது. அதோடு பேச்சு முடிந்தது.

இந்த இரண்டு டஜனில் இளவேனில் அந்த விளிம்பை உலையிலேயே தட்டி உருட்டிவிட்டாள். விரல் வைத்தால் வாய்க்கால் மாதிரி உட்காரும். அண்ணியின் விரலை வைத்துப் பார்த்துத்தான் அளவு எடுத்தாள். யாருக்கும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சீனு வேண்டாம் என்றிருப்பான்.

மூன்று கத்திகளில் துரு உள்ளே இறங்கிவிட்டது. நகத்தால் தடவினால் குழி தட்டியது. அவற்றைத் தனியாக வைத்தாள். மற்றதைத் துடைத்து, வெயில் இல்லாததால் கேஸ் அடுப்புக்கு எட்டத்தில் காட்டி ஈரம் போக்கி, தேங்காய் எண்ணெய் தடவினாள். அடுப்புக்கு ரொம்பப் பக்கத்தில் அம்புஜம் நீட்டியபோது மணிக்கட்டைத் தட்டிவிட்டாள்.

"சூடு ஏறினா தோய்ச்சி ஏத்தின உறுதி போயிடும். அப்புறம் தகரம்தான்."

சீனு கொல்லை வாசலில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தான்.  பிறகு உள்ளே திரும்பிவிட்டான்.

காலேஜ் மேடம் கேரல் மூன்று மணிக்கு முன்பே ஆட்டோவில் வந்து இறங்கினார். நரைத்த கிராப்பு, பூப்போட்ட கவுன், கான்வாஸ் ஷூ. வாசலில் பூசணியைத் தாண்டக் கவுனைத் தூக்கிக்கொண்டார்.

"என்னா சீனு, கை எப்படி இருக்குது? இன்னும் கட்டு பிரிக்கலயா? பூஜையா இன்னிக்கி? சாரி மா, டிஸ்டர்ப் பண்றேன். நாளைக்கி ஃபேமிலியோட மைசூர். வந்தப்புறம் டைமே இல்ல."

ஒவ்வொரு கத்தியாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நாலாவது கத்தியில் நின்றார்.

"இது என்னா ரவுண்டு ரவுண்டா? எல்லாத்துலயும் இருக்குதே. மூணு மூணு."

சீனு தங்கையைப் பார்த்தான். அம்புஜம் தரையைப் பார்த்தாள்.

"பொட்டு வச்சோம் மேடம்," என்றாள் இளவேனில். "எலுமிச்ச சாறுல குழைச்சி வச்சிட்டோம். கறை புடிச்சிடுச்சி. தேய்ச்சாச்சு, நிழல் மட்டும் போவல. மூணு கத்தியில குழி விழுந்துடுச்சு, அத தனியா வச்சிருக்கேன். அது வேணாம், வேற அடிச்சி தரேன்."

"என் கத்திக்கு பூஜையா?" கேரல் மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவளைப் பார்த்தார். "சாமி பேர்ல ஆசிட் ஊத்தியிருக்கீங்க. பேசாம ஃபாதர்கிட்ட சொல்லி தீர்த்தம் தெளிச்சிருக்கலாம். வெறும் தண்ணி."

கத்தியை இன்னொரு தரம் வெளிச்சத்தில் திருப்பினார். 

"ஒரு கேரட் இருக்குதா? பலகை?"

அம்புஜம் உள்ளேயிருந்து மெஸ் மூட்டையையே இழுத்துக்கொண்டு வந்தாள். கேரல் மேடம் நறுக்க ஆரம்பித்தார். முதலில் வட்டமாக, பிறகு குச்சியாக, பிறகு பொடியாக. ஒன்று முடிந்து இன்னொன்று. சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. தலை குனிந்தேயிருந்தது. அரை மூட்டை ஆகும் போலிருந்தது. மெஸ்ஸுக்கு நாளைய வேலை முடிந்தது என்று அம்புஜம் நினைத்திருக்கலாம்.

பட்டென்று நிறுத்தினார். கத்தியின் முதுகில் விரலை ஓட்டினார். வேறொரு கத்தியை எடுத்து அதே இடத்தில் ஓட்டினார். முகம் இறுகியிருந்தது.

"சீனு. இது உன் வேலை இல்லயே. நீ குடுத்த பழைய கத்தி எங்கிட்ட இருக்குது, எனக்கு தெரியும். கழுத்துகிட்ட என்னா பண்ணியிருக்கீங்க? யாரு பண்ணது இது?"

நாராயணசாமி காலிப் பையோடு வாசலில் வந்து நின்றது அப்போதுதான். பலகை இருந்த இடம் காலியாக இருந்தது. அவர் அதைத்தான் பார்த்தார்.

சீனு ஸ்டூலிலிருந்து எழுந்தான்.

"எனக்கு தெரியாது மேடம். எனக்கு கை உடைஞ்சி கெடக்கு. எல்லாமே இவ அடிச்சது. நான் கிட்டகூட போவல. சொன்னாலும் கேக்க மாட்டா. இவ இஷ்டத்துக்கு எதையோ பண்ணி வச்சிருக்கா."

"எல்லாமேவா? ஒண்ணுகூட நீ தொடல?"

"சத்தியமா தொடல மேடம். ஒண்ணுல கூட என் கை படல."

கேரல் மேடம் கத்தியைப் பலகையில் வைத்தார்.

"என் ஸ்டூடண்ட்ஸ் ஃபஸ்ட் டெர்ம் முடியறதுக்குள்ள இந்த விரல்ல பிளாஸ்டர் ஒட்டிகினுதான் வருவாங்க. எனக்கே முப்பது வருஷமா காய்ச்சி போயிருக்கு." விரலை நீட்டிக் காட்டினார். அம்புஜம் தன்னையறியாமல் தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். "இத்தன கேரட் வெட்டியிருக்கேன், ஒண்ணும் தெரியல. உன் பேரு என்னாம்மா?"

"இளவேனில்."

"இளவேனில், கறை கறைதான். அதுக்கு நான் சந்தோஷப்படப் போறது இல்ல. பசங்க எப்படியும் ஒரு வாரத்துல கறை பண்ணிடுவாங்க, அதனால விடறேன். இனிமே என் சரக்குல பூஜை வேணாம். தீபாவளிக்கு அப்புறம் அடுத்த பேட்ச். அதுவும் உன் கையாதான் இருக்கணும். சீனு, கோச்சிக்காத. நீயே சொல்லிட்ட, நீ தொடலன்னு."

சீனு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தான்.

ஆட்டோ ஓசூர் ரோடு பக்கம் திரும்பியது. 

"பலகைய எடுத்தது யாரு?" என்றார் நாராயணசாமி.

"நான்தான் மாமா," என்றாள் அம்புஜம். "எம் மேலதான் தப்பு. பொட்டு வச்சதும் நான், எடுத்ததும் நான்."

"அண்ணி பொய் சொல்றாங்க. நான்தான் எடுத்தேன் நைனா. சரக்கு போயிடுச்சி. பேசின பேச்சுப்படி குறடு எனக்கு."

"பேச்சு பேசினது நான்தான். பூஜைய மீறாதன்னு சொன்னதும் நான்தான். ரெண்டும் என் வாய்தான்." அவர் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கி மறுபூஜை. மொத இரும்ப சீனு எடுப்பான். ஒத்தக் கையால எடுத்தாலும் சரி. நீ வேணாம்."

"வேற என்ன தண்டன வேணாலும் குடு. ஒரு மாசம் கரி அள்றேன். கோயில சுத்தறேன். குறட்ட மட்டும் கேக்காத. தர மாட்டேன்."

"தர மாட்டியா?"

"தர மாட்டேன்."

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருக்கு அவள் முகம் சரியாகத் தெரிந்திருக்காது. நின்ற நிலை தெரிந்திருக்கும்.

"சீனு," என்றார். "காலைல நேரத்தோட குளிச்சிட்டு வா."

"நான் வரல நைனா."

அவன் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அவர் மட்டும் கேட்காதவர் போல, "என்னாது?" என்றார்.

"நான் வரல. நாளைக்கி இல்ல, எப்பவுமே இல்ல. குறடும் வேணாம், சம்மட்டியும் வேணாம். கோரமங்கலால சாஃப்ட்வேர் கம்பெனி ஒண்ணு. ஸ்டாஃப் வேன் ஓட்டணும். கட்டு பிரிச்சதும் வரச் சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன்." ஒரு மூச்சில் கொட்டிவிட்டு, யாரும் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னான். "ஆர்டர் திரும்பி வந்தா பட்டறைய மூடிடலாம்னு இருந்தேன். எல்லாருக்கும் ஈஸியா போயிருக்கும்."

அம்புஜம் கேரட் துண்டுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எப்ப பேசின?"

"போன மாசம்."

"போன மாசத்துலருந்து பக்கத்துல படுத்துகினு இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா நீ இவகிட்ட சொல்லுவ."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

மீதித் துண்டுகளையும் அள்ளிப் போட்டாள். கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். கணவனைப் பார்க்கவில்லை. மாமனாரையும் பார்க்கவில்லை.

"சம்மட்டி எத்தினி கிலோ வேனி?"

"அஞ்சு."

"மெஸ் மூட்ட அத விட ஜாஸ்தி." கையை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டாள். "காலைல எத்தினி மணிக்கு உலைய பத்த வைக்கணும்?"

நாராயணசாமி இரண்டு அடி நகர்ந்து, சாமந்தி வைத்த கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். வழிவிடுவதாகவும் தெரியவில்லை, மறிப்பதாகவும் தெரியவில்லை.

இளவேனில் அவருடைய தோளுக்கு மேலாக அண்ணியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆறு மணிக்கு. வளையல கழட்டி வச்சிட்டு வா."